மாமனார் முதுகும் மருமகள் காலும்

என் மாமனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலை. கோடை மேய்ச்சலுக்கு மலைக்குப் போகச் சனிக்கிழமை லாரி வருவதாக ஏற்பாடு. அதற்காகக் கொட்டகையிலிருந்து கூடாரத்தின் உச்சி வளையத்தை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜூமாஷும் அவன் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தயாராகத்தான் நின்றார்கள். "தள்ளுங்கடா, உங்க அப்பன் காலத்துலேர்ந்து இதை நான் ஒத்த ஆளாத் தூக்குறேன்" என்று இருவரையும் விலக்கிவிட்டு, அறுபத்தெட்டு வயதில், முட்டியை மடக்காமல் அப்படியே குனிந்து ஒரு இழு இழுத்தார். வளையம் அசையவில்லை. அதன் பிறகு அவரும் அசையவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

நாலு பேர் தூக்கிவந்து மெத்தையில் கிடத்தினார்கள். அந்த நாலு பேரில் நான் கிடையாது. மருமகள் மாமனாரைத் தொடக் கூடாது.

அவர் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூடச் சொன்னதில்லை, இப்போது உங்களிடம் சொல்லிப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன். எங்கள் ஏரிக்கரைப் பக்கத்தில் மருமகள் என்றால் அப்படித்தான். மாமனார் எதிரில் குரல் உயரக் கூடாது, முதுகு காட்டக் கூடாது, அவர் இருக்கும் திசையில் கால் நீட்டக் கூடாது. காலையில் கண்டதும் வலது முட்டியில் கை வைத்து, இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். அவரும் என்னிடம் நேராகப் பேச மாட்டார். "டீ இன்னும் ஆகலியோ" என்று கதவைப் பார்த்துக் கேட்பார். நான் வாயைத் திறக்காமல், எங்கள் வழக்கப்படி உப்புப் போட்ட டீயைக் கொண்டுவந்து வைப்பேன். கெட்ட மனிதர் இல்லை. கதவோடு பேசிப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

இதில் என் பாடு என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை கெரெஸுக்குக் கல்யாணம். அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. தலைவாரிப் பின்னியது, பள்ளிக்கு அனுப்பியது, பல் விழுந்தபோது சமாதானம் சொன்னது எல்லாம் நான்தான். முப்பத்துநாலு வயதுவரை "எனக்கு யாரும் வேண்டாம்" என்று திரிந்தவள் திடீரென்று சரி என்று சொல்லி, பத்தே நாளில் நாள் குறித்துவிட்டாள். மனம் மாறிவிடுமோ என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயம், எங்களுக்கு அதைவிடப் பயம். "அக்கா, நீ வந்து பின்னி விட்டாத்தான் நான் வெளியவே வருவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். மலைக்கு எல்லோரும் சனிக்கிழமை கிளம்பியதும், நான் பிள்ளைகளோடு என் பிறந்த ஊரான நாரினுக்கு வேன் ஏறுவதாகத் திட்டம். இப்போது மாமனார் படுத்துவிட்டார். என் கணவர் தாலாய், குதிரைகளோடு முன்கூட்டியே மலையேறிவிட்டார். பெண் குதிரைகளைக் கறக்க மாமியார் போயே ஆக வேண்டும். மாமனார் எழாவிட்டால் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? கேட்கவே வேண்டாம்.

"அத்தை, மாமா கிட்ட கல்யாண விஷயம் சொன்னீங்களா?" என்றேன். கல்யாணத்துக்கு அழைத்துப் போன் வந்தது அத்தைக்குத்தான். அவர் மூலமாகத்தான் எதுவும் மாமாவிடம் போக வேண்டும்.

"நேரம் பாத்துச் சொல்றேன்னு இருந்தேன்டி. இப்ப போய் எப்படிச் சொல்றது? அவரு அங்க கத்திக்கிட்டுக் கெடக்காரு."

கத்தினார் என்பது குறைத்துச் சொன்னது. ஊரே வந்தது. ஆளுக்கொரு வைத்தியம். ஜூமாஷ் தன் நாய்மயிர் இடுப்புப் பட்டையைக் கழற்றிக் கட்டிவிட்டான். அது நாயாக இருந்தபோது எப்படி மணந்ததோ அப்படியே மணந்தது. இன்னொருவர் கரடிக் கொழுப்பு என்று ஒரு புட்டியை நீட்டினார். திறந்து பார்த்தால் பன்றிக் கொழுப்பு மாதிரி இருக்கவே, அத்தை அதைத் தோட்டத்தில் கொட்டினார். மாலையில் ஒரு ஆட்டை அறுத்து, சூடு ஆறாத தோலை இடுப்பில் சுற்றி, மேலே மூன்று ரஜாய் போட்டார்கள். மாமனார் வியர்த்துக் கொட்டி, இரண்டு கிண்ணம் ஆட்டுச் சாறு குடித்து, வந்தவர்கள் மீதி ஆட்டைத் தின்று முடிக்கும்வரை தூங்கினார். எழுந்ததும் மறுபடி "ஐயோ."

செவ்வாய்க்கிழமை மருத்துவ நிலையத்திலிருந்து மேரிம் என்பவளை அழைத்துவந்தேன். எங்கள் ஊருக்கு டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை எல்லாம் அந்த ஒரு பெண்தான். அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள், பாதத்தைச் சீண்டினாள், மரத்துப்போகிறதா, மூத்திரம் சரியாகப் போகிறதா என்று அத்தையிடம் கேட்டாள். எல்லாம் சரி.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல. சதை பிடிச்சிருக்கு" என்றாள். "சாப்பிட்டதும் இந்த மாத்திரை, மூணு நாளைக்கு. வெந்நீர்ப் பை வைங்க. பக்கவாட்டுல படுத்து முட்டிக்கு நடுவுல தலகாணி. ஆனா படுத்தே கெடக்கக் கூடாது தாத்தா. எந்திரிச்சு நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி."

மாமனார் கதவைப் பார்த்தார். "முதுகு ஒடஞ்சவன நடக்கச் சொல்லுது இந்தப் பொண்ணு. கால் ஒடஞ்சவனக் குதிக்கச் சொல்லும்."

"உடையல தாத்தா."

"எனக்கு மாத்திரையும் வேணாம், பையும் வேணாம். இரட்டைப்பிள்ளைக்காரி கால்தான் வேணும்."

அங்கேதான் சிக்கல். இடுப்புப் பிடிப்புக்கு இரட்டைப்பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் போகும் என்பது எங்கள் ஊரில் அசையாத நம்பிக்கை. முன்பு சோனுன் என்று ஒரு அம்மாள் இருந்தார், ஊர் முதுகெல்லாம் அவர் கால் பட்டதுதான். போன பனிக்காலம் மகன் அவரைத் தலைநகருக்குக் கூட்டிப்போய்விட்டான். இப்போது ஊரில் இரட்டை பெற்றவள் ஒரே ஒருத்தி. பாத்மா, சூரா என்று எட்டு வயதில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு மாரடிக்கும் உல்ஜான், அதாவது நான்.

மருமகள் காலை மாமனார் பக்கம் நீட்டவே கூடாது. மிதிப்பதாம்!

அன்று முழுக்க யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தை மட்டும் என் காலை அடிக்கடி பார்த்தார். நான் காலுறையை மேலே இழுத்துக்கொண்டேன். மாலையில் அத்தை தன் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை உருவினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று என்னை உட்கார வைத்த மணத்திரை. மூன்று நாள் அதன் பின்னால் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதிலிருந்த பூவேலையை எண்ணியிருக்கிறேன். நாற்பத்தேழு பூ.

"நடுவுல இதைக் கட்டிருவோம்" என்றார் அத்தை. "தலை அந்தப் பக்கம், இடுப்பு இந்தப் பக்கம். யார் மிதிக்கிறான்னு அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து ஊர்லேர்ந்து ஒருத்தி வந்திருக்கான்னு சொல்லிக்கிறேன்."

"அத்தை, நான் எண்பத்திரண்டு கிலோ."

"கால் மட்டும்தானே வைக்கப் போற."

மேரிமிடம் ஓடினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "முதுகெலும்பு மேல வெச்சீங்கன்னா உங்கள உள்ள போட வெச்சுருவேன்கா" என்றாள். "ரெண்டு பக்கமும் சதை இருக்குல்ல, அங்க குதிகாலைச் சும்மா வெச்சு எடுங்க. உடம்பு பாரம் பூரா ஜன்னல் கட்டையில இருக்கட்டும். இந்த வலி எப்படியும் ஒரு வாரத்துல இறங்கும். அதுக்குள்ள அவர நடக்க வைக்கணும், அதான் வைத்தியம். உங்க கால் சொன்னாக் கேப்பாருன்னா, உங்க காலே சொல்லட்டும்."

புதன்கிழமை காலை திரை ஏறியது. மாமனார் குப்புறப் படுத்திருந்தார். என் பக்கம் அவருடைய இடுப்பும், அதன் மேல் ஒரு கம்பளித் துண்டும், இரண்டு கால்களும் மட்டும். மறுபக்கம் அத்தை டீக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா, பக்கத்து ஊர்லேர்ந்து அந்தம்மா வந்துட்டாங்க."

"எப்படி வந்தாங்க? வண்டிச் சத்தமே கேக்கலியே."

"நடந்து."

"இருபது கிலோமீட்டரா?"

"கால் பலம் உள்ளவங்க. அதுக்குத்தானே கூப்பிட்டது."

ஜன்னல் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது குதிகாலை அவர் இடுப்பின் ஓரத்தில் வைத்தேன். பயத்தில் எனக்குத்தான் வியர்த்தது.

"கால் கொஞ்சம் கனமா இருக்கே" என்றது திரைக்கு அந்தப் பக்கம்.

குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நல்ல வீட்டுச் சாப்பாடு, அண்ணே" என்றேன்.

அத்தைக்கு டீ புரையேறியது. மாமனாரை அண்ணே என்றவள் எங்கள் ஏரிக்கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் வேறு என்ன சொல்வது? வந்த விருந்தாளி மாமா என்றா கூப்பிடுவாள்? ஒரு தடவை வாய் வந்துவிட்டதும் பயம் போய்விட்டது. பதினான்கு வருஷம் அடைத்து வைத்த வாய்.

"இங்க பாருங்க அண்ணே. என் கால் லேசுப்பட்ட கால் இல்ல. படுத்தே கெடக்கற முதுகுல இது பிடிக்காது. கால்வாய் வரைக்கும் மூணு தடவ நடந்துட்டு வந்தாத்தான் நாளைக்கு வைப்பேன்."

"சோனுன் அப்படில்லாம் சொன்னதில்லியே!"

"சோனுனுக்கு ரெண்டும் பையன். எனக்குப் பொண்ணுங்க. பொண்ணு பெத்த காலுக்கு முறை வேற."

ஒரு பெருமூச்சு கேட்டது. "மாத்திரை?"

"அதுவும் சாப்பிடணும்."

அன்று மதியம் என் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஊரைச் சபித்துக்கொண்டு, கால்வாய்க்கு நடந்தார். போக அரைமணி, வர அரைமணி. நான் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை. ஏமாற்றவில்லை.

வியாழக்கிழமை அவரே பேச்சைத் தொடங்கினார். "எங்க வீட்லயும் ஒரு இரட்டைப்பிள்ளைக்காரி இருக்கா. மருமக."

"அப்படியா? நல்லவளா?"

"டீயில உப்பு தூக்கல். நாரின்காரி. அந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"எத்தன வருஷமா?"

"பதினாலு வருஷமா."

"சொல்றதுதானே அண்ணே?"

"சொன்னேன். கதவு கிட்ட."

என் கால் நழுவப் பார்த்தது. ஜன்னல் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. அவர் தொடர்ந்தார்.

"மூணு வருஷம் முந்தி பனியில ரெண்டு பிள்ளைங்களுக்கும் நெஞ்சு அடைச்சுக்கிச்சு. பாதை மூடிக் கெடந்துச்சு. நாலு நாள் அவ உக்காரவே இல்லம்மா. ஒண்ண இந்தத் தோள்ல, ஒண்ண அந்தத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒரு வார்த்த சொல்லல. என்ன சொல்றது, யார் கிட்டச் சொல்றதுன்னு தெரியல."

அந்த நாலு நாளை இந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். திரையில் இருந்த பூக்கள் கலங்கலாகத் தெரிந்தன.

"என்னம்மா, தூங்கிட்டீங்களா? காலை எடுங்க, மரத்துப்போச்சு."

எடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பாடத்தைச் சொன்னேன்: "இனிமே எதத் தூக்கினாலும் இடுப்ப வளைக்காதீங்க. முட்டிய மடக்கி, பொருளை உடம்போட அணைச்சு எந்திரிங்க. எந்திரிக்கும்போது ஒருக்களிச்சு, கையை ஊணி. தூக்க இன்னொரு ஆள் வேணும்னா ஜூமாஷக் கூப்பிடுங்க. அவனுக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல."

"ஜூமாஷ உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை டீயில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கதவைப் பார்த்து, "இன்னிக்கு டீ நல்லாருக்கு" என்றார். கால்வாய்க்கு ஆறு தடவை நடந்தார். ஏழாவது தடவை, தோட்டத்தில் புகுந்த ஜூமாஷின் சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினார். நான் உள்ளே போய்ப் பெட்டி கட்டினேன். கெரெஸின் தலைக்கு வெள்ளி நாணயம் கோத்த பின்னல் நூலை மேலாக வைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. உள்ளேயிருந்து "ஐயோ" என்று சத்தம்.

அத்தை முகம் வெளிறி வெளியே வந்தார். "மறுபடி பிடிச்சுக்கிச்சாம். அந்தம்மா இல்லாம மலைக்கு வர மாட்டாராம். அவங்களையும் லாரியில ஏத்திக்கணுமாம்."

"எந்தம்மாவ?"

"நீ என்னைக் கேக்குறியா!"

எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெட்டி கதவருகே நிற்கிறது. வேன் பதினொரு மணிக்கு. அங்கே என் தங்கை தலையை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே இந்த மனிதருக்கு என் கால் ருசித்துப்போய்விட்டது! நேராகப் போய்த் திரைக்குப் பின்னால் நின்றேன். காலை வைக்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு மிதிக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"நேத்து சேவல் பின்னாடி ஓடுனது யாரு?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரலில் விளையாட்டு இல்லை. "மலையில பிடிச்சுக்கிட்டா என்னம்மா பண்ணுவேன்? குதிரை ஏற முடியாதவனுக்கு அங்க என்ன வேலை? பொம்பளைங்களோட அடுப்புகிட்ட உக்காந்து தயிரைக் கிளறணும். எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. அதுக்கு இங்கயே கெடக்கலாம்."

கோபம் பாதி இறங்கிவிட்டது. பயந்திருக்கிறார். இவ்வளவுதானா என்று இருந்தது, இவ்வளவா என்றும் இருந்தது.

"பிடிக்கும் அண்ணே. எப்பவாவது மறுபடி பிடிக்கும். பிடிச்சா வெந்நீர் வைங்க, மாத்திரை போடுங்க, மறுநாளே நடங்க. நாலஞ்சு நாள்ல விட்டுரும். இந்தத் தடவ விட்டதும் அப்படித்தான். கால்வாய்க்கு நடந்தது என் கால் இல்ல, உங்க கால்."

இனி சொல்லாவிட்டால் எப்போது?

"இன்னொண்ணு. உங்க மருமகளுக்கு நாளைக்குத் தங்கச்சி கல்யாணம். தாய் இல்லாத பொண்ணு. இவதான் வளத்தா. இன்னிக்கு வேன் ஏறலன்னா நாளைக்கு அந்தப் பொண்ணு தலைய யாரு பின்னுவா?"

"யாரு சொன்னது?"

"வர்ற வழியில கேள்விப்பட்டேன்."

"எனக்கு யாருமே சொல்லலியே!"

"எங்க சொல்றது அண்ணே? கதவு கிட்டயா?"

நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அத்தை பலமாக இருமினார்.

"வேன் எத்தன மணிக்கு?" என்றார் மாமனார்.

"பதினொண்ணு."

"இப்ப?"

"பத்தரை ஆகப்போகுது."

திரைக்குக் கீழே அவர் கால்கள் அசைந்தன. ஒருக்களித்தார். கையை ஊன்றினார். எழுந்தார். ஒரு "ஐயோ" கூட இல்லை. "லாரிக்காரன அரைமணி காக்கச் சொல்லு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு பெட்டியோடு பெரிய சாலைக்கு ஓடினேன். வேன் வந்து நிற்கும்போது மாமனாரும் வந்துவிட்டார். கையில் மடித்த வெள்ளைத் தலைத்துணி. மிதித்தவளுக்குத் துணி கொடுப்பது முறை. என்னைப் பார்க்காமல் வேன் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"பக்கத்து ஊர் அம்மா இந்த வழியாத்தான் போறாங்களாம். பாத்தா இதைக் குடுத்துரச் சொல்லு. பத்து நாள்ல திரும்பி வந்துரணும்னும் சொல்லு. பதினோரு நாள் ஆகக் கூடாது."

பிறகு என் பெட்டியருகே போனார். ஓட்டுநர் தூக்க வந்தான். அவனைத் தள்ளிவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் முட்டியை மடக்கிக் குந்தி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, மெதுவாக எழுந்து, வேனுக்குள் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து நின்ற நிலையில் ஒரு மிடுக்கு இருந்தது.

விடைபெற வேண்டும். வலது முட்டியில் கை வைத்து, எப்போதும்போல் இடுப்பை வளைத்தேன்.

"குனியாத."

யாரிடம் சொல்கிறார் என்று தலையைத் தூக்கினேன். கதவை அல்ல, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. கண் ஓரத்தில் சிரிப்பு இருந்தது.

"இடுப்ப வளைக்காத, உல்ஜான். உனக்கும் வயசாகுது. முட்டிய மடக்கு, போதும்."

நான் முட்டியை மடக்கினேன். "சரிங்க மாமா" என்றேன், வேனில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.